ஏழு பதினான்கு வண்டியில் ஓர் இடம்

2025 ஜூன் 9, திங்கட்கிழமை. காலை ஐந்து ஐந்துக்கு எழுந்தேன். பல் தேய்த்து, ஒரு டம்ளர் வெந்நீர். ஐந்தரைக்கு ஜன்னல் திரையை விலக்கினேன். எனக்கு முன்பே வெயில் வந்துவிட்டிருந்தது. ஐந்தே முக்காலுக்குக் காபி. ஆறு மணிக்கு மகளுக்கு இஞ்சி தட்டிப் போட்ட தண்ணீர். ஆறு இருபதுக்கு முந்தைய இரவின் பாத்திரங்கள். திண்டுக்கல்லில் என் வீட்டிலும் இதே வரிசைதான். அங்கே இந்நேரம் தண்ணீர் லாரியின் ஹார்ன் கேட்கும். இங்கே கடற்பறவைகள் கூரையில் நின்று, சந்தை வாசலில் சண்டை போடுகிறவர்களைப் போலக் கத்துகின்றன.

நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில், டைம் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எந்த ஷிப்டுக்கு யார் வந்தார், எந்த மில் பஸ் எந்த ஊரிலிருந்து எத்தனை பேரை எத்தனை மணிக்குக் கொண்டுவந்து இறக்கியது என்று எழுதுவது என் வேலை. இருபத்தாறு வருடப் பழக்கம். ஆறு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தின் தென்கரையில் குடியிருக்கும் என் மகள் சுகன்யாவிடம் வந்து நான்கு நாளாகிறது. அவளுக்கு ஐந்தாம் மாதம். மருமகனுக்கு வேறொரு நகரத்தில் வேலை. திங்கள் விடியுமுன் போனால் வெள்ளி மாலைதான் வருவார். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அவள் அங்கே தொடர்ந்து குடியிருக்க வேண்டும்.

பணக்கார ஊர். லண்டனில் சம்பாதித்து, கடற்கரையில் தூங்குகிறவர்களின் ஊர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் வைத்து, வாசலில் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான்கு நாளில் வீடுகளின் பெயர்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் பெயரும் தெரியவில்லை. மகள் இருப்பது ஒரு கடையின் மாடியில். கீழே நாய்களுக்கு முடி வெட்டும் கடை. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டுதான் நாயைக் கூட்டி வர வேண்டும். ஒன்பது மணிக்கு ஒரு நாய், ஒன்பதே முக்காலுக்கு அடுத்தது. ஒரு நாய்கூடத் தாமதமாக வரவில்லை. என் மில்லில் இப்படி ஒரு ஷிப்டைப் பார்த்ததில்லை.

பகல் பதினோரு மணிக்கு மீன் கடைக்குப் போனேன். கடல் ஊரில் மீன் கிடைக்கும் என்று நம்பிப் போனால், பனிக்கட்டி மேல் வெள்ளை வெள்ளையாகத் துண்டுகள் மட்டும் அடுக்கியிருந்தன. தலை இல்லை, வால் இல்லை, முள்ளும் இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "தலை?" என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு பெரிய தலையுடன் வந்தார்.

"பூனைக்கா?"

"எனக்கு."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், மீன் தலையை ஒரு முறை பார்த்தார். அதை உள்ளே வைத்துவிட்டு, அதைவிட நல்லதாக இரண்டு கொண்டுவந்தார். "உங்களுக்கென்றால் இவைதான் சரி" என்றார். காசு வாங்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஆத்தூர் அணை மீனுக்குத் தலை கேட்டால் தலையையும் சேர்த்துத்தான் தராசில் நிறுப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

புளியைக் கரைத்து ஊற்றித் தாளித்த ஒரு நிமிடத்தில், உள்கூரையில் இருந்த, புகை பட்டால் அடிக்கும் மணி அலறத் தொடங்கியது. கீழ்க்கடைப் பெண் ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் பாதி முடி வெட்டிய நாயுமாக மாடியேறி ஓடி வந்தாள்.

"நெருப்பா?"

"இல்லை, குழம்பு" என்றாள் சுகன்யா.

நாய் மட்டும் போக மறுத்து அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டது.

அன்று சுகன்யாவுக்கு வீட்டிலிருந்தே வேலை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் லண்டன் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அதே மூன்று நாள்தான். மத்தியானம் சாப்பிடும்போது அவள் கணுக்காலைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

"என்ன இது, இம்புட்டு வீக்கம்?"

"ரயில்ல நின்னுட்டுப் போறேன்ல, அதான்."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு மணி பத்து நிமிஷம்."

தட்டைத் தள்ளி வைத்தேன். எங்கள் மில் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் முதல் இரண்டு இருக்கையும் மாசமாக இருக்கிற பெண்களுக்கு. எழுதிப் போட்ட விதி இல்லை, நான் போட்ட விதி. அப்படி ஒரு பெண் நின்றுகொண்டு வந்து இறங்குவதைப் பார்த்தால், அந்த டிரைவரை நிறுத்திவைத்து, பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் காதிலும் விழும்படி கேட்பேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, என் பிள்ளையை எழுபது நிமிடம் நிற்க விட்டிருக்கிறேன்.

"இடம் கேக்க வேண்டியதுதானே?"

"இங்க யாரும் கேக்க மாட்டாங்கம்மா. வயிறும் இன்னும் வெளிய தெரியல. 'வயித்துல புள்ள'ன்னு எழுதி, சட்டையில குத்திக்கிற மாதிரி ஒரு வில்லை ரயில்காரங்க குடுத்தாங்க, எனக்கு வெக்கமா இருக்கு. தெனம் பாக்குற அதே மொகங்க. ரெண்டு வருஷமா பேசாம வந்துட்டு, இப்பப் போயி எந்திரிங்கன்னு எப்பிடிச் சொல்றது?"

போன வியாழக்கிழமை தலை சுற்றி, கதவோரம் தரையில் பையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். நான் விமானத்தில் இருந்த நேரம் அது. இறங்கியவர்கள் எல்லோரும் "மன்னிக்கவும், மன்னிக்கவும்" என்று மரியாதையாகச் சொல்லி அவளைத் தாண்டிப் போனார்களாம். நிற்கக் கூடாது என்று மருத்துவச்சியும் சொல்லியிருக்கிறார். எப்படிச் சமாளிப்பது என்று அவர் சொல்லவில்லை. அது டைம் ஆபீஸ் வேலை.

ஜூன் 10, செவ்வாய். வழியனுப்புகிறேன் என்று சொல்லி அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். வீட்டிலிருந்து ஆறு நிமிடம். ஏழு ஐந்துக்கே நடைமேடையில் அறுபது எழுபது பேர். ஆனால் கூட்டமாக இல்லை, கொத்துக் கொத்தாக, நாற்று நட்டதுபோல நின்றார்கள். ரயில் வந்து நின்றால் கதவு எங்கே வரும் என்று ஒவ்வொருவருக்கும் அங்குலக் கணக்கில் தெரிந்திருக்கிறது. எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்று பெருமூச்சு விட்டார். நகர்ந்தேன். நான் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டார். அது அவருடைய இடமாம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு என்றால் "செத்த தள்ளி நில்லுங்க மதினி" என்று வாயால் சொல்லியிருப்பார், முடிந்திருக்கும்.

ஏழு பதினான்குக்கு வண்டி வந்தது. நாற்று நட்ட இடத்திலேயே கதவு திறந்தது. ஏறியவர்களுக்கு இருக்கை இல்லை, ஏற்கெனவே நிறைந்திருந்தது. சுகன்யா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்கு முகம் காட்டாமல் திரும்பிக்கொண்டாள்.

வண்டி போனதும் ஊர் காலி. கடலைப் பார்த்த வீடுகள் இருபத்து மூன்று. எண்ணிக்கொண்டே நடந்தேன், இருபதில் ஜன்னல் திரை மூடியிருந்தது. கடல் தெரிகிற ஜன்னலுக்காகவே வாங்கிய வீடுகளாம், பகல் முழுக்க ஜன்னலுக்குப் பின்னால் ஆள் இல்லை. வேடசந்தூர்ப் பக்கத்து ஊர்களிலும் மில் பஸ் போனபின் இப்படித்தான் தெரு வெறிச்சென்று கிடக்கும். அங்கே ஆடும் கோழியும் மிஞ்சும். இங்கே நாய்கள். ஒரு பெண் ஆறு நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார்.

"இதில் உங்கள் நாய் எது?" என்று கேட்டேன்.

"ஒன்றுகூட இல்லை. எல்லாருடைய முதலாளியும் லண்டனில்" என்றார்.

அவரும் இந்த ஊர் இல்லையாம். இங்கே குடியிருக்கக் கட்டுப்படியாகாது. பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து நாய்களை நடத்திவிட்டுப் போகிறார். ஊர்க்காரர்கள் வெளியே போய் வேலை பார்க்க, வெளியூர்க்காரர்கள் உள்ளே வந்து வேலை பார்க்கிறார்கள். இரண்டு ஷிப்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

திரும்பும் வழியில் ஸ்டேஷனில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம், அந்த ஏழு பதினான்கு எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்டேன். இரண்டு ஸ்டேஷன் தள்ளி, அதுதான் கடைசி ஸ்டேஷன், அங்கே காலியாகத்தான் கிளம்பும் என்றார்.

அந்த நொடியில் என் மூளை பற்றிக்கொண்டது. நம்மூரில் யாராவது பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நின்று இடம் தேடுவார்களா? விவரமானவர்கள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே போய், உள்ளே வருகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ராஜா மாதிரி ஸ்டாண்டுக்குள் வருவார்கள். மற்றவர்கள் கர்சீப்பையும் பையையும், ஏன், பிள்ளையையும்கூட ஜன்னல் வழியே போட்டு இடம் பிடிப்பார்கள். இத்தனை படித்தவர்கள் இருக்கிற ஊரில் இது ஒருவருக்கும் தோன்றவில்லையே! வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: எதிர்த்திசை வண்டி 6.31. கடைசி ஸ்டேஷன் 6.42. அங்கிருந்து புறப்பாடு 7.03. இங்கே 7.14. எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. சுகன்யாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறிப்பாள்.

ஜூன் 11, புதன். நடந்துவிட்டு வாரேன் என்று சொல்லிக் கிளம்பினேன். தோளில் டிபன் பை. அதில் அவளுக்கு மத்தியானத்துக்கு எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வெஞ்சனம், ஒரு பொட்டலம் கைமுறுக்கு. வண்டியில் கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

6.31 என்றால் 6.31. பெட்டியில் நான் ஒருத்திதான். கடைசி ஸ்டேஷனில் இறங்கியதும் இரண்டு பக்கமும் இரண்டு வண்டிகள் நின்றன. இரண்டிலும் லண்டன் என்று எழுதியிருந்தது. ஒன்றில் விளக்கெரிந்து கதவு திறந்திருந்தது. காலி வண்டியும் திறந்த கதவும் கண்ணில் பட்டால் திண்டுக்கல்காரி யோசிப்பாளா? ஓடி ஏறினேன். துரத்தி வர ஒருவரும் இல்லை, இருந்தும் ஓடினேன். மூன்றாவது பெட்டி, மேசை போட்ட இருக்கை, ஜன்னலோரம். பக்கத்து இருக்கையில் டிபன் பையை வைத்தேன். மகளுக்குச் செய்தி அனுப்பினேன்: "மூணாவது பெட்டி. இடம் போட்டாச்சு. ஏறினதும் இடது பக்கம் பாரு."

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எதிரே முத்துமாலை போட்ட ஒரு பெரியம்மா உட்கார்ந்தார். சைக்கிள் தொப்பியுடன் ஒரு நெடிய மனிதர் வந்து, டிபன் பையைக் காட்டி, "இங்கே யாராவது வருகிறார்களா?" என்றார்.

"என் மகள். அடுத்த ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன்."

தலையசைத்துவிட்டு, அங்கேயே நின்றுகொண்டார்! நம்மூர் மாதிரிச் சண்டையே இல்லை. "ஆளு வரட்டும், எந்திரிக்கிறேன்" என்று பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு இன்னும் மூன்று பேர் வந்து, பையைப் பார்த்து, நின்றார்கள். என் டிபன் பைக்கு வாழ்நாளில் இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

வண்டி புறப்பட்டது. மணியைப் பார்த்தேன். 6.58.

ஐந்து நிமிடம் முந்திக் கிளம்பும் வண்டியை நான் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை. எதிர்ப்பக்கம் நின்ற மற்ற வண்டி இன்னும் அங்கேயே நின்றது. முதல் ஸ்டேஷன் ஜன்னலில் கோடாகப் போனது. இரண்டாவதும் நெருங்கியது, வேகம் குறையவில்லை. நாற்று நட்ட நடைமேடை. அதில் சாம்பல் நிறக் கோட்டில் என் மகள், தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு. நான் அனுப்பிய செய்தியாகத்தான் இருக்கும். எழுந்து கண்ணாடியைப் படபடவென்று தட்டினேன்.

"அடியே சுகன்யா! இந்தா இருக்கேன்டி! இடம் போட்டிருக்கேன்டி!"

நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். போய்விட்டாள். அதாவது, நான் போய்விட்டேன்.

பெட்டியில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் ஜன்னலில் ஒட்டியிருந்த படத்தைக் கவனித்தேன். வாய் மேல் விரல். பேசக் கூடாத பெட்டி.

சைக்கிள் தொப்பிக்காரர் குனிந்து மெல்லக் கேட்டார். "அது உங்கள் மகளா?"

"ஆமா."

"இந்த இடம் அவருக்கா?"

"ஆமா."

பெரியம்மாவின் முத்துமாலை முதலில் குலுங்கியது. அப்புறம் தோள், அப்புறம் மேசை. சத்தமில்லாமல் சிரிக்கப் பார்த்து, முடியாமல், கைக்குட்டையைக் கண்ணில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. பின் வரிசையில் ஒருவர் தும்முவதுபோலச் சிரித்தார். அதற்குள் போன் அடித்தது.

"அம்மா! எங்க இருக்க?"

"உன் எடத்துக்குப் பக்கத்துல."

"அய்யோ, எந்த ஊருன்னு கேட்டேன்!"

"தெரியலடி. ஆடு மேயுது."

அந்தப் பக்கம் விம்மல் மாதிரி ஒரு சத்தம். அழுகிறாள் என்று நினைத்தேன். கேட்டது மூச்சுவிட முடியாத சிரிப்பு. "என் வண்டி வந்துருச்சு" என்று எப்படியோ சொல்லி வைத்துவிட்டாள். நிற்கத்தானே போகிறாள் என்ற நினைப்பு வந்ததும் என் சிரிப்பு அடங்கியது.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தொப்பிக்காரரை உட்காரச் சொன்னேன். "அவருக்கு வேண்டியிருக்காதா?" என்று தயங்கினார். ஏன் இடம் பிடித்தேன் என்று பெரியம்மா கேட்க, வயிற்றைத் தொட்டு ஐந்து விரலைக் காட்டினேன். பெரியம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கிடைத்த மரியாதைக்கு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். பேசக் கூடாத பெட்டியில் கைமுறுக்குக் கடித்தால் கல்லுடைக்கும் சத்தம் வரும். தொப்பிக்காரர் முதல் கடியில் நடுங்கிப்போய் அப்படியே நிறுத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தைரியமாக மிச்சத்தையும் கடித்தார்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். என் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்கள் எங்கே போக வேண்டும்?"

"என் மகள் ஸ்டேஷனுக்கு."

"அது போய்ப் பதினொரு நிமிடம் ஆகிறதே."

"பன்னிரண்டு" என்றேன்.

பெரியம்மாதான் கதையைச் சொன்னார், கையெல்லாம் ஆட்டி. பரிசோதகர் கேட்டு முடித்து, டிக்கெட்டின் பின்னால் பேனாவால் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதைக் காட்டினால் அடுத்த வண்டியில் திரும்பிப் போகலாமாம். தாமதமாக வருகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் லேட் பாஸ் இதேதான், எழுத்துக்கூட என் எழுத்து மாதிரியே கிறுக்கல். தொழில் மரியாதையாக அவருக்கும் ஒரு முறுக்கு.

7.37க்கு ஒரு ஜங்ஷனில் இறங்கினேன். ஏழெட்டுப் பேர் கையசைத்தார்கள். 8.40க்கு வீடு. மகளுடைய எலுமிச்சைச் சோற்றை நானே சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதனால் இன்னும் வருத்தம்.

மாலை ஆறு ஐம்பதுக்குச் சுகன்யா வந்தாள். கோபத்தை எதிர்பார்த்து இரண்டு தோசை கூடுதலாக ஊற்றி வைத்திருந்தேன். வந்தவள் செருப்பைக் கழற்றாமல் சோபாவில் விழுந்து மறுபடியும் சிரித்தாள்.

"கம்பியப் புடிச்சுட்டு ஒரே சிரிப்பும்மா எனக்கு. பக்கத்து சீட்டுல ஒருத்தன், ரெண்டு வருஷமா பாக்குறேன், மொதத் தடவையா வாயத் தெறந்து, 'ஏதாவது பிரச்சினையா'ன்னு கேட்டான். 'எங்கம்மா இப்பத்தான் எனக்கு இடம் போட்டுக்கிட்டு அந்த வண்டில லண்டன் போறாங்க'ன்னேன். 'எதுக்கு'ன்னான். வேற என்ன சொல்றது? சொல்லிட்டேன்."

"என்ன பண்ணான்?"

"முள்ளு குத்துன மாதிரி எந்திரிச்சுட்டான். 'சொல்லியிருக்கலாமே, சொல்லியிருக்கலாமே'ன்னு நூறு தடவ சொல்றான். உக்காந்தே போனேன். அம்மா, அந்த வழியில ஒரு ஆறு வருது தெரியுமா? நின்னா ஜன்னல் கீழ இருக்கும், தெரியாது. ஒரே அன்னப் பறவையா கெடக்கு."

அவள் காலை மடியில் எடுத்து வைத்து அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, ஆனால் ஆழமில்லை.

"நாளைக்கும் அவன் எந்திரிப்பானா?"

"எந்திரிப்பான். ஆனா அவன் நிக்கணும்ல, ஒரு மணி பத்து நிமிஷம்? பாவம், எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு."

"ஒருத்தன் எந்திரிச்சுக் குடுக்குறது தர்மம். நாம முன்னாடியே போயி உக்கார்றது ஏற்பாடு. தெனமும் தர்மத்த நம்பி ஷிப்டு ஓட்ட முடியாதுடி."

"அதுக்காக? இந்தக் கோட்டையும் லேப்டாப்பையும் தூக்கிட்டு, ரெண்டு ஸ்டேஷன் பின்னால போயி, திரும்ப இதே ஸ்டேஷன் வழியா வரணுமா? அத்தன பேரும் ஜன்னல்ல பாப்பாங்கம்மா!"

நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே, 7.03 என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டுவிட்டுப் படுத்தேன்.

ஜூன் 12, வியாழன். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக, ஐந்து ஐந்துக்கு முன்னால் என்னை ஒருவர் எழுப்பினார். மணி நான்கு ஐம்பது. சுகன்யா கோட்டும் ஷூவும் போட்டு, லேப்டாப் பையோடு கட்டில் அருகில் நின்றாள்.

"எந்திரிம்மா. ஆறு முப்பத்தொண்ணு."

"வழி தெரியும்ல, நீயே போக வேண்டியதுதானே. நான் எதுக்கு?"

"தனியாப் பின்னால போயி முன்னால வர வெக்கமா இருக்கு. நீயும் வா. எந்த வண்டின்னு மட்டும் நான் பாத்துக்கிறேன்."

முதல் வேலையாக ஷூவை மாட்டினேன். பல், அதற்கப்புறம்தான் தேய்த்தேன்.